பிழையின்றி எழுதுதல்

கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலத்தை அடுத்து, வெள்ளாற்றங்கரையில் கருவேப்பிலங்குறிச்சி என்னும் ஊர் உள்ளது. இவ்வூர்ச் சிறுவன் தன் ஊர்ப்பெயரைப் பிழையின்றி எழுதக் கற்றால், எழுத்திலக்கணத்தில் ஒரு பகுதியைக் கற்றவன் ஆவான். ‘கரு’ என்பதில் வருவது இடையின ரகரம். ‘குறிச்சி’ என்பதில் வருவது வல்லின றகரம். அதற்கு முன்னுள்ள குகரத்திற்கு முன் நிற்பது ‘ங்’ என்னும் மெய். சமையலுக்கு உதவும் இலையையோ ‘கறிவேப்பிலை’ என்றே பலரும் எழுதுவர். ஆதலால் இலையை எழுதிப் பழகிய கை, ஊரை எழுதும்பொழுது சற்றுத் தயங்கும்.

இத்தயக்கத்தைப் பள்ளி மட்டும் போக்கிவிட இயலாது. கொரோனா நோய் பரவியதால் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பர் 1ஆம் நாளன்றே மீண்டும் தொடங்கின. இடைப்பட்ட காலத்தில் இளஞ்சிறார் பலர் கற்ற எழுத்துக்களையும் மறந்தனர். இக்குறையை நீக்க, 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டத்து முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்னும் திட்டத்தை அரசு தொடங்கியது. தன்னார்வலர்கள் மாலை வேளைகளில், சிறுவர்களின் குடியிருப்புக்கு அருகிலேயே பாடம் கற்பித்தனர்.

வீட்டார் செய்யத்தக்கதும் உண்டு. எழுத்தறியாத பெற்றோரும் இதில் உதவலாம் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. எழுத்துப்பிழைகள் பல கையில் பிறப்பன அல்ல, வாயில் பிறப்பன. ‘பள்ளி’யைப் ‘பல்லி’ என்று ஒலிக்கும் சிறுவன் அவ்வாறே எழுதுவான். அவன் எழுத்தில் வாழை மரம் வாளை மீனாகிவிடும்! நாவின் நுனி மேற்பல்லின் அடியைத் தொட்டால் லகரம் பிறக்கும். மேல்நோக்கி வளைந்து அண்ணத்தைத் தொட்டால் ளகரம். அங்ஙனம் வளைந்தும் தொடாது நின்றால் ழகரம். எழுத்துக்கள் பிறக்கும் முறையைத் தொல்காப்பியம் ‘பிறப்பியல்’ என ஓர் இயலாகவே வகுத்துரைக்கின்றது. மகன் உரக்கப் படிக்க, அடுப்படியிலிருந்தே கேட்டுத் திருத்தும் தாய்க்கு ஏடு தேவையில்லை; செவி போதும்.

ரகர றகரங்களுக்கு அது போதாது. இன்றைய பேச்சில் அவ்விரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. அவற்றைக் கண்ணால் கண்டு, கையால் எழுதியே பழகவேண்டும். நாள்தோறும் ஐந்து சொற்களைச் சொல்வதெழுதச் செய்து, சிறுவனே நூலோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்வது நலம். பிழைபட்ட ஒரு சொல்லை நூறுமுறை எழுதச் சொல்வதால் விரல் நோகுமேயன்றிச் சொல் மனத்தில் நில்லாது.

மெல்லினத்திற்கு எளிய விதி ஒன்று உண்டு. ஒரு சொல்லின் இடையே ட, த, ற என்பவற்றிற்கு முன்வரும் மெல்லின மெய் முறையே ண், ந், ன் ஆகும். வண்டி, பந்து, கன்று என்பவை காண்க. விருத்தாசலத்தின் பழம்பெயராகிய முதுகுன்றமும் இவ்விதிக்கு உட்பட்டதே.

மளிகைப் பட்டியல் எழுதும் வேலையைச் சிறுவனிடமே விடலாம். தாய் சொல்லச் சொல்ல மிளகு, உளுந்து, மஞ்சள் என எழுதி வருபவன், இறுதியில் எழுதுகோலை நிறுத்தி, “அம்மா, கறிவேப்பிலைக்கு எந்த ‘ற’?” என்று கேட்பான்.