கால்புள்ளியா, ஆச்சரியக்குறியா?

அக்கா மகனுக்கு ஏழு வயது. சாயர்புரத்தில் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். போன வருஷம் பள்ளிக்கூடம் திறந்த சமயம், அவன் உச்சந்தலையில் ஒரு ரூபாய் அகலத்துக்கு முடி கொட்டியிருந்தது. பார்த்த மாத்திரத்தில் ஆச்சி சொல்லிவிட்டாள்: “புழுவெட்டு.” சின்ன வெங்காயத்தை இரண்டாக நறுக்கி, காலையும் மாலையும் அந்த இடத்தில் தேய்த்தாள். எரிச்சலில் பையன் கத்தினால், “ஏல, சும்மா இருல. புழு சாகணும்லா?” என்று அதட்டுவாள். பத்து நாளாகியும் மாற்றமில்லை. மருந்துக்கடையில் ஒரு களிம்பு கொடுத்தார்கள். முதல் வாரம் அரிப்பு அடங்கியது. மூன்றாவது வாரம் அந்த வழுக்கை பையனின் உள்ளங்கை அளவுக்குப் பரவிவிட்டது.

தூத்துக்குடிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். தோல் மருத்துவர் மேசை இழுப்பறையிலிருந்து கைக்கு அடக்கமான ஒரு கருவியை எடுத்தார். நுனியில் வட்டக் கண்ணாடி, அதைச் சுற்றிப் பொடி விளக்குகள். பையனின் தலையில் ஒரு சொட்டு ஜெல் விட்டார். ஸ்கேன் எடுக்கும்போது வயிற்றில் தடவுவார்களே, அதே ஜெல்தான். கருவியை அதன்மேல் பதமாக வைத்து, மறுமுனையில் செல்போனைப் பொருத்தி, திரையை எங்கள் பக்கம் திருப்பினார். வெள்ளைச் செதில்களுக்கு நடுவே ஒடிந்த முடிகள். ஒவ்வொன்றும் வளைந்து, காகிதத்தில் பேனாவால் கமா போட்டதுபோல இருந்தது.

“கால்புள்ளி தெரியுதாம்மா? இது பூஞ்சை. புழுவெட்டுன்னா இந்த இடத்துல ஆச்சரியக்குறி இருக்கும்” என்றார்.

இந்த இரண்டு குறிகளுக்கும் பின்னால் இருக்கும் காரணம் எனக்கு மிகவும் பிடித்தது. பூஞ்சை முடித்தண்டுக்குள் புகுந்து நிறைந்துகொள்கிறது. உள்ளே பலம் போன முடி ஒடிந்து, மிச்சம் நிற்கும் துண்டு வளைந்துவிடுகிறது. அதுதான் கால்புள்ளி. புழுவெட்டில் பூஞ்சையும் இல்லை, புழுவும் இல்லை. உடலின் எதிர்ப்பு அணுக்களே முடியின் வேரைத் தாக்குகின்றன. தாக்குதலுக்கு முன் வளர்ந்த பகுதி தடிமனாக மேலே நிற்க, பின்னால் வந்த பகுதி வேரை நோக்கி ஊசிபோல மெலிந்துவிடுகிறது. மேலே தடித்து, கீழே சிறுத்து, அப்படியே ஆச்சரியக்குறி. புழுவெட்டுக்கு அந்த இடத்திலேயே ஸ்டீராய்டு ஊசி போடுவது வழக்கமான வைத்தியம். பூஞ்சைக்கு அதே ஸ்டீராய்டு உரம். வெறும் கண்ணுக்கு ஒரே மாதிரியான வழுக்கை, வைத்தியமோ நேரெதிர். எங்கள் களிம்புக் குழாயை வாங்கிப் பார்த்த மருத்துவர் அதிலிருந்த ஸ்டீராய்டின் பெயரைச் சுட்டிக் காட்டினார். அரிப்பை அடக்கியதும் அதுதான், பூஞ்சையை வளர்த்ததும் அதுதான். பல ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு 2018-லேயே விதி கொண்டுவந்துவிட்டது. ஆனாலும் படர்தாமரைக்கு, தேமலுக்கு, மங்குக்கு என்று முகத்திலும் இடுப்பிலும் இவற்றைப் பூசிக்கொள்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

ஓலைச்சுவடியில் கால்புள்ளியும் கிடையாது, ஆச்சரியக்குறியும் கிடையாது. அச்சு எழுத்தோடு தமிழுக்கு வந்தவை அவை. 1840-களில் ஜி.யு. போப் வந்து பள்ளி நடத்திய ஊர் சாயர்புரம். அந்த ஊர்ப் பையன் தலையில் ஒரு மருத்துவர் நிறுத்தக்குறி படித்துக்கொண்டிருந்ததை நான் வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

கருவியின் பெயர் டெர்மோஸ்கோப். பெரும்பாலும் பத்து மடங்குதான் பெரிதாக்கும். பத்து மடங்கு காட்டும் பூதக்கண்ணாடி கடையிலேயே கிடைக்கிறதே, இதில் என்ன புதுமை என்று கேட்கலாம். உச்சி வெயிலில் உப்பளப் பாத்தியை உற்றுப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். பளபளப்பு கண்ணைக் கூச வைக்கும், அடித்தரை தெரியாது. கடலிலும் அப்படித்தான். சங்கு குளிக்கிறவர் முகக்கண்ணாடியைத் தண்ணீரோடு ஒட்டவைத்துவிட்டால் மேற்பரப்பின் மினுமினுப்பு மறைந்து கீழே இருப்பது துலங்கும்.

தோலிலும் ஒளி இதே விளையாட்டைத்தான் ஆடுகிறது. காற்றின் ஒளிவிலகல் எண் 1. தோலின் வறண்ட மேலடுக்குக்குச் சுமார் 1.55. இந்த வித்தியாசம் பெரிது என்பதால் வெளிச்சத்தில் ஒரு பங்கு மேலேயே பட்டுத் திரும்பி, உள்ளிருந்து வரும் மங்கலான ஒளியை அமுக்கிவிடுகிறது. நடுவில் எண்ணெயோ ஜெல்லோ விட்டு, 1.52 எண் கொண்ட கண்ணாடியை வைத்தால் அந்த வித்தியாசம் பெருமளவு குறைகிறது. தோல் கண்ணாடிபோல ஆகி, கீழிருக்கும் நிறமும் ரத்தக்குழாயும் தெரிய வருகின்றன. ஜெல்லே தேவைப்படாத கருவிகளும் உண்டு. ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்த இரண்டு போலராய்டு வடிகட்டிகள் மேலே பட்டுத் திரும்பும் ஒளியைத் தடுத்து, உள்ளே போய்ச் சிதறி வரும் ஒளியை மட்டும் விடுகின்றன. அழுத்திப் பிடிக்கக் கூடாது. அழுத்தினால் ரத்தம் விலகி, பார்க்க வேண்டிய குழாய்களே மறைந்துவிடும்.

1920-களில் ஜெர்மனியின் யோஹான் சஃபியர் இந்த முறைக்குப் பெயர் சூட்டினார். 1980-களின் இறுதியில் மியூனிக்கில் ஓட்டோ பிரௌன்-ஃபால்கோவின் குழு அதைக் கையில் பிடிக்கும் கருவியாக்கியது. அவர்கள் தேடியது மெலனோமா என்ற தோல் புற்று. வெள்ளைத் தோலில் வெயிலால் அதிகம் வருவது. ஆகவே பாடப்புத்தகப் படங்களும் வெள்ளைத் தோலிலேயே எடுக்கப்பட்டன.

நம் தோலில் கதை வேறு. மெலனின் எந்த ஆழத்தில் இருக்கிறதோ அதற்கேற்ப நிறம் மாறித் தெரியும். மேலடுக்கில் கறுப்பு, சற்றுக் கீழே பழுப்பு, இன்னும் கீழே சாம்பல், ஆழத்தில் நீலம். வெள்ளைத் தோலில் சிவப்பாகத் துலங்கும் ரத்தக்குழாய்ப் புள்ளிகள் மாநிறத் தோலில் மங்கிப்போகும். சிரங்குப் பூச்சி வளை தோண்டிப்போகும் தடத்தின் முனையில் ஒரு கரிய முக்கோணம் தெரியும் என்று 1997-ல் இத்தாலியின் ஆர்ஜென்சியானோ எழுதினார். ஜெட் விமானமும் அதன் புகைவாலும் போல இருக்கும் அது. பூச்சியின் நீளம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. நம் தோலின் கருமையில் அந்த முக்கோணம் கலந்துவிடுவதால், புகைவாலை வைத்துத்தான் பூச்சியைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. கர்நாடகத்தின் பாகல்கோட்டில் பாலச்சந்திர அங்கட் போன்ற மருத்துவர்கள் மாநிறத் தோலுக்கென்றே படம் படமாகச் சேர்த்து எழுதிவருவது இதனால்தான் எனக்குப் பெரிய காரியமாகப் படுகிறது. இரவல் கண்ணால் நம் தோலைப் படிக்க முடியாது.

அன்று ஆச்சியும் கூட வந்திருந்தாள். “அய்யா, என் கால் ஆணியையும் அதுல பாத்திருங்க” என்று செருப்பைக் கழற்றினாள். பல வருஷமாகப் பிளேடால் சீவிக்கொண்டிருந்த இடம். கண்ணாடிக்குக் கீழே கறுப்பும் சிவப்புமாகப் பொடிப்பொடிப் புள்ளிகள். பாதத்தின் ரேகை அந்த இடத்தில் அறுந்திருந்தது. கால் ஆணியாக இருந்தால் நடுவில் கண்ணாடிபோன்ற ஒரு கருவும், ரேகை அறுபடாமலும் இருக்கும். புள்ளிகள் எல்லாம் உறைந்த நுண்குழாய்கள். வைரஸால் வரும் மரு அது. சீவச் சீவ அது பரவும்.

பாதத்தை இந்தக் கண்ணாடி படிக்கிற விதம் ஒரு நல்ல உழவன் நிலத்தைப் படிப்பது போன்றது. உள்ளங்காலில் மேடும் சாலுமாக ரேகைகள் ஓடுகின்றன. சாதாரண மச்சமாக இருந்தால் நிறம் சாலில் நிற்கும். மெலனோமாவாக இருந்தால் மேட்டில் ஏறும். இந்த வேறுபாட்டை விளக்கியவர் ஜப்பானின் தோஷியாகி சாய்தா. நம்மவர்களுக்கு மெலனோமா அரிது. வந்தால் பெரும்பாலும் வெயில் படாத உள்ளங்காலிலும் நகத்தடியிலும்தான் வருகிறது. வெறுங்காலோடு உப்பளத்தில் நிற்கிறவர், காலில் ஒரு கறுப்பு இருந்தால் கல் குத்தியது என்றுதான் நினைப்பார்.

நகத்தில் கறுப்புக் கோடு விழுந்தாலும் பதற வேண்டியதில்லை. மாநிறத்தவர்களுக்குப் பல விரல்களில் அது இயல்பு. அடிபட்டு ரத்தம் கட்டியிருந்தால் கண்ணாடியில் ஊதாவும் சிவப்புமாகத் திட்டுகள் தெரியும். கைநகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளர்கிறது, கறை அதோடு சேர்ந்து நகர்ந்து வெளியேறிவிடும். ஒரே ஒரு விரலில் தோன்றி, நாளாக நாளாக அகலமாகிற கோட்டைத்தான் உடனே காட்ட வேண்டும்.

உள்ளங்கால் மேடுகளில் முத்துக்கோவைபோல வெள்ளைப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். வியர்வைத் துளைகள் அவை. உடம்பின் மற்ற பகுதிகளிலும், மாநிறத் தோலில் இந்தப் புள்ளிகள் நன்றாகவே தெரிகின்றன. இங்கே நம் நிறமே நமக்கு உதவுகிறது. ‘உணர்ச்சியற்ற தேமல்’ என்று சுவர் விளம்பரங்களில் படித்திருப்போம். தொழுநோய்க் கிருமி நரம்பைக் கெடுப்பதால் அந்தத் தேமலில் வியர்வை நிற்கிறது, பூனைமுடியும் உதிர்கிறது. கண்ணாடியை வைத்தால் சுற்றிலும் இருக்கும் வெள்ளைப் புள்ளிகள் தேமலுக்குள் மட்டும் குறைந்தோ இல்லாமலோ போயிருக்கும். சாதாரணத் தேமலில் அவை அப்படியே இருக்கும். 2005 இறுதியிலேயே, தொழுநோயைப் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழே கொண்டுவந்துவிட்டோம் என்று நாடு அறிவித்தது. ஆனாலும் உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கும் மேல் இந்தியாவில்தான். மருந்து இலவசம். விரல் மடங்கும் முன் கண்டுபிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கடைசித் தீர்ப்பு இன்னும் ஆய்வகத்தில்தான். என் மருமகனுக்கும் நாலைந்து முடியைப் பிடுங்கி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து, நுண்ணோக்கியில் பூஞ்சையை உறுதிசெய்த பிறகே மாத்திரை எழுதினார்கள். பூஞ்சை முடிக்கு உள்ளே இருப்பதால் மேலே பூசுவது போதாது. ஆனால் எந்த முடியைப் பிடுங்குவது, எந்தத் தோலை வெட்டி அனுப்புவது, எதை வெட்டவே வேண்டாம் என்று காட்டியது கண்ணாடி.

படத்தைக் கணினியே பார்த்துச் சொல்லிவிடும் என்கிறார்கள். 2022-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல நிறத் தோல்களின் 656 படங்களைக் கொடுத்து அத்தகைய நிரல்களைச் சோதித்தார்கள். கருந்தோலில் அவை தடுமாறின. பழக்கிய படங்களில் அந்தத் தோல் போதுமான அளவு இல்லை. எங்கள் மருத்துவர் ஒவ்வொரு படத்தையும் பெயரை நீக்கி, எண் போட்டுச் சேமித்துவைக்கிறார். பையன் தலையின் படத்துக்கும் அக்காவிடம் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டார். தூத்துக்குடிக்கு பஸ் ஏற முடியாதவர்களுக்காக இந்தக் கண்ணாடி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் வர வேண்டும் என்பது என் ஆசை. படம் செல்போனில் போய்விடும், நோயாளி அலைய வேண்டாம்.

எட்டாவது வாரம் மறுபடி போனோம். அதே ஜெல், அதே கண்ணாடி. செதில் போயிருந்தது. கால்புள்ளி ஒன்றும் இல்லை. மெல்லிய கறுப்பு முடிகள் வரிசையாக முளைத்திருந்தன. ஆச்சி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போய் வெகுநேரம் பார்த்தாள்.

“ஏல, எல்லாம் நிமிந்து நிக்குல.”