தண்ணீர் மேல் போடும் பழி

சென்னையின் பள்ளிக்கரணைக்குக் குடிவந்தவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் இது: "போர் தண்ணியில குளிச்சதுலேர்ந்து ஒரே பொடுகு." சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதி, பல தெருக்களில் தண்ணீர் கரிக்கும், சோப்பு நுரைக்காது. அது முடியைச் சொரசொரப்பாக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் பொடுகின் வேர் தண்ணீரில் இல்லை. நம் தலைத்தோலிலேயே குடியிருக்கும் மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சையில் இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டில் இதைப் பொடுகுச் செதிலில் பார்த்து எழுதிய பிரெஞ்சு அறிஞர் மலசேயின் பெயர்தான் இதற்கு வைக்கப்பட்டிருக்கிறது. 2007இல் இதன் மரபணுத் தொகுதியைப் படித்தபோது ஒரு விசித்திரம் தெரிந்தது: கொழுப்பு அமிலத்தைத் தானே தயாரிக்கும் திறன் இதற்குக் கிடையாது. ஆய்வகத்தில் இதன் சில இனங்களை வளர்க்க, ஊடகத்தின் மேல் ஆலிவ் எண்ணெயை ஊற்றுவார்கள். நம் தலையில் அந்த வேலையைச் சீபம் என்ற தோல் எண்ணெய் செய்கிறது. எண்ணெய்ச் சுரப்பிகள் பருவ வயதில் முழுவீச்சில் இயங்கத் தொடங்குவதால்தான் பொடுகும் அப்போது தலைகாட்டுகிறது.

பூஞ்சை லைப்பேஸ் என்ற நொதியைச் சுரந்து சீபத்தை உடைக்கிறது. தனக்கு வேண்டிய நிறைவுற்ற அமிலங்களை உண்டுவிட்டு ஒலீயிக் அமிலத்தை மிச்சம் வைக்கிறது. மிச்சமாகும் அந்த அமிலம் தோலின் மேலடுக்கைத் துளைத்து இறங்குகிறது. சிலர் தோல் அதைத் தாங்கிக்கொள்ளும். தாங்காதவர்களுக்கு அரிப்பு எடுத்து, செல்கள் முதிரும் முன்பே கொத்துக் கொத்தாக உதிரும். கறுப்புச் சட்டையின் தோளில் விழுவது அந்தக் கொத்துதான். பூஞ்சை எல்லோர் தலையிலும் உண்டு, பொடுகு மட்டும் சிலருக்கே வருவது இதனால்தான்.

"தலை காய்ஞ்சிருக்கு, நல்லா எண்ணெய் வை" என்ற வீட்டு வைத்தியத்தை ஆகவே யோசித்தே செய்ய வேண்டும். நல்லெண்ணெயில் சுமார் 40 சதவீதம் ஒலீயிக் அமிலமே. தேங்காயெண்ணெயில் அது மிகக் குறைவு. போபால் ஐசர் அறிவியல் நிறுவன ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வில், தேங்காயெண்ணெய் தடவிவந்த பெண்களின் தலையில் நல்ல நுண்ணுயிர்கள் பெருகியதைக் கண்டார்கள். எண்ணெயை அடியோடு விலக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. அரிக்கிற தலையில் இரவு முழுக்க ஊறவிடுவதைத்தான் வேண்டாம் என்பேன்.

மெடிக்கலில் கிடைக்கும் கீட்டோகொனசோல் ஷாம்பு பூஞ்சையையே தாக்கும். நுரையை மூன்று முதல் ஐந்து நிமிடம் தலையில் விட்டு அலச வேண்டும். பலர் உடனே அலசிவிடுகிறார்கள், பிறகு மருந்தைக் குறை சொல்கிறார்கள். புருவத்திலும் மூக்கோரத்திலும் சிவந்து செதில் வந்தால் அது பொடுகின் முற்றிய வடிவம். வெள்ளி போல் தடித்த செதில் நெற்றி வரை இறங்கினால் சொரியாசிஸாக இருக்கலாம். குழந்தையின் தலையில் வட்டமாக முடி ஒடிந்து கொட்டினால் அது வேறு பூஞ்சை, படர்தாமரை. ஷாம்பு போதாது, தோல் மருத்துவர் தரும் மாத்திரை வேண்டும்.