பழைய படகுக்குப் புது முதுகு

மரப் படகு மக்கும். இரும்புப் படகு துருப்பிடிக்கும். ஆகவே, கண்ணாடி நாரையும் ரெசின் என்னும் பசையையும் சேர்த்து வார்த்த 'பைபர்கிளாஸ்' படகுகள் தோன்றியபோது, இனிப் படகுக்கு அழிவே இல்லை என்று பலர் பூரித்தனர். 1959-ம் ஆண்டில் நியூயார்க் படகுக் கண்காட்சியில் 'பியர்ஸன் டிரைடன்' என்ற பாய்மரப் படகு அறிமுகமாயிற்று. சுமார் 28 அடி நீளமுள்ள அதில் ஒரு சாதாரணக் குடும்பம் கடலில் சென்று தங்கி வரலாம். 1967-ம் ஆண்டுக்குள் 700-க்கு மேற்பட்ட டிரைடன்கள் நீரில் இறங்கின.

இத்தகைய படகுகளில் பல இன்றும் உறுதியாக மிதக்கின்றன. ஆயினும் அவற்றின் மேல்தட்டில் ஏறி நடந்தால், சில இடங்களில் தட்டு காலடியில் அமுங்கி எழும்புகிறது. அழியாதென்று எண்ணிய படகின் முதுகு தளர்ந்துவிட்டது. காரணம் என்ன?

மறைந்திருக்கும் மரம்

மெல்லிய பைபர்கிளாஸ் தகடு அறுந்து போகாது. ஆனால் எளிதில் வளையும். கனமாக வார்த்தாலோ படகின் மேற்பாரம் அதிகரித்துவிடும். எனவே மேலும் கீழும் இரண்டு மெல்லிய தகடுகளை வைத்து, நடுவே பால்சா மரத்துண்டுகளைப் பதித்து ஒட்டினார்கள். தண்ணீரின் எடையில் சுமார் ஆறில் ஒரு பங்கே எடையுள்ள மரம் அது. 1947-ம் ஆண்டில் தார் ஹெயர்டால் என்பவர் 'கான்-டிக்கி' தெப்பத்தில் பெரு நாட்டிலிருந்து பாலினீஷியத் தீவுகளுக்கு 101 நாள் மிதந்து சென்றதும் பால்சா மரக்கட்டைகளின் மேல்தான்.

மூன்று அடுக்கும் ஒட்டி நிற்கும்வரை தட்டு ஒரே உடலாய் விறைப்பாக இருக்கும். ஒட்டு விட்டதோ, விறைப்பும் போயிற்று.

இந்தக் கேடு திருகாணித் துளை வழியாக நுழைகிறது. கைப்பிடிக் கம்பிகளைத் தாங்கும் தூண்களும், கயிறு கட்டும் முளைகளும் தட்டைத் துளைத்தே பொருத்தப்படுகின்றன. துளையைச் சுற்றிப் பூசிய அடைப்புப் பசை நாளடைவில் காய்ந்து வெடிக்கிறது. மழை நீர் துளித் துளியாய் இறங்குகிறது. இறங்கிய நீர் இரு தகடுகளுக்கிடையே அகப்பட்டுக்கொண்டு, வெளியேற வழியின்றி மரத்தை மக்கச் செய்கிறது.

இதை அலட்சியம் செய்வது ஆபத்து. கொந்தளிக்கும் கடலில் நிலை தடுமாறுகிறவன் அந்தக் கம்பியைத்தான் பற்றுவான். அதன் தூண் ஊன்றிய இடமே மக்கியிருந்தால் அவன் கதி என்ன?

பழுது பார்க்கும் முறை

முதலில் சுத்தியலின் கைப்பிடியால் தட்டெங்கும் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இடம் 'டக்' என்று கணீரென ஒலிக்கும். கெட்ட இடம் 'பொத்' என்று மந்தமாய் ஒலிக்கும். ஐயமிருந்தால் அடித்தகட்டில் சிறு துளையிட்டு, துருவலைப் பார்க்கலாம். வெளுத்து உலர்ந்திருந்தால் மரம் நன்று. கறுத்து ஈரமாயிருந்தால் மக்கிவிட்டது.

சிலர் சுலப உபாயமாகத் துளைகள் வழியே எபாக்ஸி பசையைச் செலுத்திவிடுகிறார்கள். ஈர மரத்தில் பசை பிடிக்காது. மக்கிய மரத்தைப் பிடித்தும் பயனில்லை.

சரியான வழி சற்றுச் சிரமமானதே. இரம்பத்தின் பல் மேல்தகட்டின் ஆழம் மட்டும் இறங்குமாறு அமைத்து, கெட்ட பகுதியை அறுத்து மூடிபோல் எடுக்க வேண்டும். உலர்ந்த நல்ல மரம் தென்படும்வரை மக்கியதைச் சுரண்டி எறிய வேண்டும். பிறகு நன்றாக உலர விட வேண்டும். இங்கே அவசரப்பட்டால் அத்தனை உழைப்பும் வீண்.

உலர்ந்தபின் அடித்தகட்டைத் தேய்த்துச் சுத்தம் செய்து, புதிய பால்சாத் துண்டுகளை எபாக்ஸியில் ஊற வைத்துப் பதித்து, மேலே பாரம் ஏற்ற வேண்டும். இடையில் காற்றுக் குமிழி தங்கலாகாது. இறுகியபின் பழைய மூடியை ஒட்டி, இணைப்பின் இருபுறமும் தகட்டின் கனத்தைப் போல் 12 மடங்கு அகலத்துக்குச் சாய்வாகத் தேய்த்து, கண்ணாடி நார்த் துணியை அடுக்கடுக்காய் எபாக்ஸியில் தோய்த்துப் பதிக்க வேண்டும். இறுதியில் சமனாக்கி, கால் வழுக்காத வர்ணம் பூசலாம். கண்ணாடித் தூள் நுரையீரலுக்கும், எபாக்ஸி தோலுக்கும் தீங்கு. முகமூடியும் கையுறையும் அவசியம்.

மீண்டும் வராதிருக்க

பழைய துளைகளிலேயே திருகாணிகளை மாட்டிவிட்டால், சில ஆண்டுகளில் கதை திரும்பவும் தொடங்கும். ஒவ்வொரு துளையையும் பெரிதாகக் குடைந்து எபாக்ஸியால் நிரப்பி, இறுகியபின் அதன் நடுவே புதிதாய்த் துளையிட வேண்டும். பிறகு அடைப்புப் பசை என்றேனும் விட்டாலும், நீர் எபாக்ஸியைத்தான் தொடும், மரத்தைத் தொடாது.

ஒரு தூணுக்கு இதைச் செய்ய ஆகும் வேலை அற்பம். அதைச் செய்யாததால் முதுகு முழுவதையும் பிளக்க நேர்ந்த படகுகள் அநேகம். பழைய படகு வாங்க எண்ணுவோர் அதன் பாயையும் வர்ணத்தையும் பார்த்து மயங்குமுன், கையில் ஒரு சுத்தியலை எடுத்துக்கொள்வது நலம்.