செய்நிரற் பதிவேடும் அதனை அமைக்கும் உரிமையும்

செய்நிரலொன்று இயங்குங்கால் தான் ஆற்றியவற்றையும் தனக்கு நேர்ந்த வழுக்களையும் எழுதிவைக்கும் ஏடு பதிவேடு எனப்படும். நள்ளிரவிற் செயலிழந்த செய்நிரலை மறுநாட் காலையில் ஆராய்பவனுக்கு அவ்வேட்டினும் சிறந்த சான்று பிறிதில்லை. ஆயின் இக்காலப் பிரயோகம் எதுவும் ஒருவராலேயே முற்றாக எழுதப்படுவதன்று. பிறர் ஆக்கிய கூறுகள் பலவற்றைத் தன்னகத்தே கொண்டது. அவையும் பிரயோகமும் ஒரே பதிவு நூலகத்தைப் பகிர்ந்துகொள்ளுமிடத்து, அதனை அமைக்கும் உரிமை யாருக்குரியது என்பது ஆராயற்பாலது.

பைதன் மொழி இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். 2003ஆம் ஆண்டில் வெளிவந்த 2.3ஆம் பதிப்பிலிருந்து ‘லொகிங்’ என்னும் நூலகம் அம்மொழியுடன் வழங்கப்பட்டு வருகின்றது. அதிற் செய்தியை ஏற்பது ‘லொகர்’ எனவும், அதனைத் திரைக்கோ கோப்பிற்கோ கொண்டு சேர்ப்பது ‘ஹாண்ட்லர்’ எனவும் பெயர்பெறும். லொகர்கள் ஒரு குடிவழிபோல அமைந்தவை. கூறொன்றின் லொகர் பெற்ற செய்தி முன்னோர் வழியே மேற்சென்று, யாவற்றுக்கும் தலைமையான மூல லொகரின் ஹாண்ட்லரை அடையும். ஆதலின் கூறானது தன் பெயரால் லொகரொன்றைப் பெற்றுச் செய்தியை ஒப்படைத்தலே சாலும். எங்கே எழுதுவது, எம்மட்டத்துக்குக் கீழ்ப்பட்டவற்றை விடுப்பது என்பன பிரயோகம் தீர்மானிக்க வேண்டியன.

இவ்வரம்பு மீறப்படின் விளைவது யாது? கூறு தானும் ஒரு ஹாண்ட்லரை இணைத்துக்கொண்டால் ஒரே செய்தி இருமுறை பதிவாகும். இது கண்ணுக்குப் புலனாகும் குற்றமாதலின் எளிதிற் களையப்படும். புலனாகாத குற்றமே கொடிது. கூறொன்று தன் லொகரை நாடாது, நூலகத்தின் பொதுச் சார்பினை நேரே அழைத்து எச்சரிக்கையொன்றை விடுப்பதாகக் கொள்க. மூல லொகருக்கு அதுவரை ஹாண்ட்லர் இல்லையெனின், நூலகம் தானே திரைக்கு எழுதும் ஒன்றை இணைத்துவிடும். பின்னர்ப் பிரயோகம் ‘பேசிக் கொன்பிக்’ என்னுஞ் சார்பினாற் கோப்பொன்றைக் குறிப்பிடினும், ஹாண்ட்லர் முன்னரே உள்ளமையின் அக்கட்டளை யாதும் செய்யாது. வழுவென்று ஒரு சொல்லும் கூறாது. கோப்புத் தோன்றவே மாட்டாது. 2019இல் வந்த 3.8ஆம் பதிப்பு, பழையனவற்றை அகற்றிவிட்டு அமைப்பதற்கு ஒரு வழி தந்தது. எனினும் அவ்வழியை நாடுதற்குக் கோப்பின் இன்மையை ஒருவர் முதலில் உணர்தல் வேண்டுமன்றோ!

பிரயோகம் எழுதுவோரும் பிழைபடுவதுண்டு. ‘டிக்ட் கொன்பிக்’ முறையில் அமைக்குங்கால், முன்னரே தோன்றிய கூறுகளின் லொகர்கள், பெயர் குறிக்கப்படாவிடின், செயலற்றனவாக்கப்படும். பழைய வழக்கோடு இணங்குதற்பொருட்டு விடப்பட்ட இவ்வியல்பு, புதிதாகக் கற்போருக்கு விரித்த வலை என்பது மிகையன்று. ‘டிசேபிள் எக்சிஸ்டிங் லொகர்ஸ்’ என்னும் தெரிவினைப் ‘பொய்’ எனக் குறித்தபின்னரே அக்கூறுகள் மீண்டும் பேசும்.