புதுப்பிக்கத்தக்க டீசல்

தாவர எண்ணெய், விலங்குக் கொழுப்பு, பயன்படுத்திய சமையல் எண்ணெய் ஆகியவற்றை ஐதரசனுடன் வினைபுரியச் செய்து பெறப்படும் எரிபொருள் புதுப்பிக்கத்தக்க டீசல் ஆகும். வேதியமைப்பில் இது பெட்ரோலிய டீசலை ஒத்தது; எனவே பெரும்பாலான டீசல் எஞ்சின்களில் மாற்றம் செய்யாமலே பயன்படுத்தலாம். சிங்கப்பூரில் நெஸ்டே நிறுவனம் 2010 முதல் இதைத் தயாரிக்கிறது.

பயோடீசல் இதிலிருந்து வேறானது. அது எண்ணெயுடன் மெத்தனால் சேர்த்துத் தயாரிக்கப்படுகிறது. அதில் ஆக்சிசன் உண்டு. டீசலில் 5 விழுக்காடு பயோடீசலை 2030-க்குள் கலப்பது இந்தியாவின் 2018ஆம் ஆண்டுக் கொள்கையின் இலக்கு.

திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் தீங்கான துருவச் சேர்மங்கள் பெருகும். அவை 25 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக்கூடாது. அத்தகைய எண்ணெயைச் சேகரித்துப் பயோடீசலாக்க, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018 ஆகத்து 10 அன்று 'ரூக்கோ' திட்டத்தைத் தொடங்கியது. முசிறி போன்ற ஊர்களின் பலகாரக் கடைகளில் மிஞ்சும் எண்ணெய், மீண்டும் வாணலிக்குப் போகாமல் வண்டிக்குப் போவதே இவ்வெரிபொருள்களால் நமக்குக் கிடைக்கும் முதல் நன்மை.