இழைகள் தீர்ந்து போனால்?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. கணினி அறிவியல்)

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடையில் ஒரு விண்ணப்பத்தை இணையத்தின் வழியாக அனுப்ப வேண்டியிருந்தது. அன்று கடைசி நாள். என் தந்தையார் கொத்து வேலை செய்பவர். அன்றைய கூலியை விட்டுவிட்டு, என்னோடு கடைத்தெருவிலுள்ள கணினி மையத்துக்கு வந்தார். காலை பத்து மணிக்கு உட்கார்ந்தோம். திரையில் ஒரு சிறு வட்டம் சுழன்றது. பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று, வட்டம் சுழன்றுகொண்டே இருந்தது. "முடிந்தது" என்றும் வரவில்லை. "முடியாது" என்றும் வரவில்லை. மாலை நான்கு மணிக்கு அப்பா கேட்டார்: "ஏம்மா, இல்லேன்னா இல்லேன்னு சொல்லியிருந்தா பாதி நாள் வேலைக்காவது போயிருப்பேனே. அந்தப் பொட்டிக்கு அதச் சொல்லக்கூடத் தெரியாதா?"

கெடுவை இரண்டு நாள் நீட்டித்தார்கள். விண்ணப்பமும் போய்ச் சேர்ந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் ஆனேன். ஆனால் அப்பாவின் கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை. அந்தத் தளம் நின்றதற்குக் காரணம் எதுவாகவும் இருந்திருக்கலாம். எனினும் அதே போன்ற வட்டத்தை இவ்வாண்டு நம் ஆய்வுக்கூடத்தில் நானே உண்டாக்கிப் பார்த்தேன். அதைப் பற்றியதே இக்கட்டுரை.

இழை என்பது யாது?

ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல், ஒரே நேரத்தில் பல வேலைகளைக் கவனிப்பதற்காகத் தன்னைப் பல கிளைகளாகப் பிரித்துக்கொள்ளலாம். அக்கிளை ஒவ்வொன்றையும் 'திரெட்' என்கிறார்கள். தமிழில் 'இழை' எனலாம். நம் கல்லூரி கேன்டீனை எண்ணிப் பாருங்கள். சமையலறை ஒன்று, பாத்திரங்கள் பொது, பரிமாறுபவர்கள் பலர். அதுபோல, ஒரு நிரலின் நினைவகத்தை அதன் இழைகள் யாவும் பொதுவாகப் பயன்படுத்துகின்றன. வருகின்ற ஒவ்வொருவருக்கும் ஒரு பரிமாறுபவர் என்று ஏற்பாடு செய்தால், ஐம்பது பேர் வரும்வரை குறையில்லை. ஐந்நூறு பேர் வந்தால்?

இழை செலவில்லாமல் கிடைப்பதன்று. லினக்ஸ் இயங்குதளத்தில் ஒவ்வோர் இழைக்கும் தனி எண் உண்டு. இயங்குதளத்தின் கருவான கெர்னலில் ஒரு பதிவு உண்டு. 'ஸ்டாக்' எனப்படும் தனி இடமும் உண்டு. பெரும்பாலான லினக்ஸ் கணிப்பொறிகளில் அந்த இடத்துக்கென 8 மெகாபைட் முகவரிப் பரப்பு ஒதுக்கப்படுகிறது. ஒதுக்கிய உடனே அவ்வளவு நினைவகமும் செலவாகிவிடுவதில்லை. தொட்ட பகுதிக்கு மட்டுமே உண்மையான நினைவகம் செலவாகிறது. ஆயினும் பழைய 32 பிட் கணிப்பொறியில் ஒரு நிரலுக்குக் கிடைத்த பரப்பே 3 ஜிகாபைட் அளவுதான். எட்டு எட்டாகப் பங்கிட்டால் 384 இழைகளுக்கு மேல் அதில் இடம் ஏது?

எல்லைகள் பல, விடை ஒன்று

இழைகளுக்கு ஓர் எல்லை அல்ல, பல எல்லைகள் உள்ளன. ஒரு பயனர் எத்தனை வைத்துக்கொள்ளலாம் என்பது ஒன்று. கணிப்பொறி முழுமைக்கும் எத்தனை என்பது மற்றொன்று. நினைவகத்தின் அளவைப் பார்த்து, கணிப்பொறி தொடங்கும்போதே கெர்னல் இதனைக் கணக்கிட்டுக்கொள்கிறது. இழைகளுக்கு வழங்கும் எண்களின் உச்சம் மூன்றாவது. மரபாக இது 32,768; 64 பிட் கணிப்பொறிகளில் 41,94,304 வரை உயர்த்தலாம். நிரல்களைத் தனித்தனிக் கூண்டுகளில் ஓட்டும் முறை பரவிய பின், ஒவ்வொரு கூண்டுக்கும் தனி எல்லை வைக்கும் வசதி 2015இல் வெளிவந்த லினக்ஸ் 4.3 பதிப்பில் சேர்ந்தது.

இவற்றுள் எதைத் தொட்டாலும், இழை கேட்ட நிரலுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் விடை ஒன்றே: "வளம் தற்காலிகமாக இல்லை." எந்த எல்லை இடித்தது என்று அது சொல்லாது. ஜாவா மொழியிலோ இச்செய்தி "நினைவகம் போதவில்லை" என்ற தலைப்பின்கீழ் வருகிறது. அதை நம்பி நினைவகத்தை வாங்கிச் சேர்ப்பவர்களும் உண்டு. எல்லை பயனர் கணக்கில் இருக்கும்போது நினைவகத்தைக் கூட்டி என்ன பயன்?

என் முதல் சோதனையும் அதன் தோல்வியும்

எல்லையைத் தொடுவதற்குப் பல்லாயிரம் இழைகளை உண்டாக்க வேண்டுவதில்லை. எல்லையைக் கீழே இறக்கிவிட்டால் போதும். லினக்ஸில் இதற்கு 'யூலிமிட்' என்னும் கட்டளை இருக்கிறது. நான் 100 என்று எல்லை வைத்தேன். அடுத்து, கோப்புகளின் பட்டியலைக் காட்டும் 'எல்எஸ்' கட்டளையை இட்டேன். அதுகூட ஓடவில்லை! "வளம் தற்காலிகமாக இல்லை" என்றே திரும்பத் திரும்ப வந்தது. கணிப்பொறியைக் கெடுத்துவிட்டேனோ என்று கை நடுங்கியது. ஒன்றும் ஆகவில்லை. அந்தச் சாளரத்தை மூடினேன், எல்லாம் சரியாயிற்று.

காரணத்தைப் பின்னர் ஆசிரியர் விளக்கினார். அந்த எல்லை ஒரு நிரலுக்கு உரியதன்று. அந்தப் பயனரின் பெயரில் ஓடும் அனைத்துக்கும் சேர்த்து எண்ணப்படுவது. நான் திறந்து வைத்திருந்த உலவியும் மற்றவையும் ஏற்கெனவே நூறைத் தாண்டியிருந்தன. எனவே சோதனைக்கென்று தனிப் பயனர் கணக்கு வேண்டும். இன்னொன்றையும் அவர் எச்சரித்தார்: 'ரூட்' எனப்படும் தலைமைப் பயனரை இந்த எல்லை கட்டுப்படுத்தாது. ரூட்டாக இருந்து சோதித்துவிட்டு "என் நிரல் தேறிவிட்டது" என்று மகிழ்வது ஏமாற்றமே.

வட்டம் சுழன்ற விதம்

அடுத்த வாரம் பைத்தான் மொழியில் ஒரு சிறு சேவை நிரல் எழுதினேன். வருபவரை வாசலில் வரவேற்க முதன்மை இழை. ஒவ்வொருவரையும் கவனிக்க ஒரு புதிய இழை. தனிக் கணக்கில் எல்லையை 50ஆக வைத்து அதனை ஓட்டினேன். என் சொந்தக் கணக்கிலிருந்து இன்னொரு நிரலைக் கொண்டு ஒருவர்பின் ஒருவராக ஆட்களை அனுப்பினேன்.

எண்ணிக்கை ஐம்பதை நெருங்கியபோது "புதிய இழையைத் தொடங்க இயலாது" என்ற பிழைச்செய்தி வந்தது. அதை நான் நிரலில் எதிர்பார்த்திருக்கவில்லை. ஆகவே வாசலில் நின்ற முதன்மை இழை அங்கேயே மடிந்தது. நிரல் நின்றுவிட்டதா என்றால், அதுதான் இல்லை. உள்ளே இருந்தவர்களுக்கு வேலை நடந்துகொண்டே இருந்தது. பட்டியலில் பார்த்தால் நிரல் உயிரோடு இருந்தது. புதிதாக வருபவர்களின் இணைப்பையும், அந்நிரலின் வாசல் மூடப்படாததால், இயங்குதளம் வாங்கி வரிசையில் உட்கார வைத்தது. ஆனால் அவர்களைக் கூப்பிட வாசலில் ஆள் இல்லை. உள்ளே இருந்தவர்களில் பாதிப் பேரை வெளியே அனுப்பினேன். இழைகள் காலியாயின. அப்போதும் காத்திருந்தவர்களுக்கு விடை வரவில்லை.

உலவியைத் திறந்து நானும் அந்த வரிசையில் சேர்ந்தேன். திரையில் வட்டம் சுழன்றது. அப்பாவோடு உட்கார்ந்திருந்த அந்த நாளே மீண்டும் வந்ததுபோல் இருந்தது.

நான்கே வரிகள் சேர்த்தேன். இழை கிடைக்காவிட்டால், முதன்மை இழையே "இப்போது இடமில்லை, சற்றுக் கழித்து வருக" என்று எழுதி அனுப்பி, அந்த இணைப்பை மூடிவிட வேண்டும். இணைய நெறியில் இதற்கென்றே 503 என்னும் எண் இருக்கிறது. மீண்டும் சோதித்தேன். ஐம்பதை நெருங்கியதும் அடுத்தவருக்கு உடனே "இடமில்லை" என்ற விடை போயிற்று. இழை காலியானதும் பின்னால் வந்தவருக்கு வேலை நடந்தது.

2020 நவம்பர் 25

"இது மாணவரின் விளையாட்டு நிரல், பெரிய நிறுவனங்களில் இப்படி நடக்குமா?" என்று கேட்கலாம். நடந்திருக்கிறது. அமேசான் நிறுவனத்தின் 'கினேசிஸ்' என்னும் சேவை, ஓயாது வந்து குவியும் தரவுகளை வாங்கிக் கொடுப்பது. அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியா மையத்தில், அதன் முன்வரிசைக் கணிப்பொறி ஒவ்வொன்றும் அவ்வரிசையிலுள்ள மற்ற ஒவ்வொரு கணிப்பொறிக்கும் ஓர் இழை வைத்திருந்தது. 2020 நவம்பர் 25 அன்று, அவர்களுடைய பசிபிக் நேரப்படி அதிகாலை 2.44 முதல் 3.47 வரை, சேவையின் திறனைக் கூட்டுவதற்காகப் புதிய கணிப்பொறிகளைச் சேர்த்தார்கள். பத்துக் கணிப்பொறி சேர்ந்தால் பழையவை ஒவ்வொன்றிலும் பத்து இழை கூடும் அல்லவா? அவ்வாறு கூடிக் கூடி, வரிசையிலிருந்த எல்லாக் கணிப்பொறிகளும் இயங்குதளத்தின் இழை எல்லையைத் தாண்டின. உதவிக்கு வந்தவையே சுமையாயின.

5.15க்கு அபாய மணிகள் ஒலித்தன. காரணம் உறுதியாகத் தெரிந்தது 9.39க்கு. கணிப்பொறிகளைச் சிறிது சிறிதாகத்தான் மீண்டும் தொடங்க முடிந்தது. முழுதும் சீரானபோது இரவு 10.23. கினேசிசை நம்பியிருந்த வேறு சேவைகளும் அன்று தடுமாறின. அவற்றுள் ஒன்றை நம்பியிருந்த காரணத்தால், நிலைமையை வாடிக்கையாளர்களுக்கு அறிவிக்கும் பலகையில்கூட வழக்கமான முறையில் எழுத முடியவில்லை. மாற்று வழி இருந்தது. ஆனால் ஊழியர்களுக்கு அதில் போதிய பழக்கம் இல்லை. இவற்றையெல்லாம் அந்நிறுவனமே எழுதி வெளியிட்டது.

வள்ளுவரின் 'வலியறிதல்' அதிகாரத்தில் வரும் மயிலிறகு வண்டியை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். இழையும் மயிலிறகு போல் மெல்லியதே. அச்சு எத்தனையைத் தாங்கும் என்று முன்னரே பார்த்தவர்கள் குறைவு.

எவற்றைச் சோதிக்க வேண்டும்?

என் அனுபவத்தில் ஐந்து கேள்விகள் முக்கியமானவை. இழை மறுக்கப்பட்டதை நிரல் கவனிக்கிறதா? ஏற்கெனவே நடக்கும் வேலைகள் கெடாமல் நடக்கின்றனவா? எழுதிக்கொண்டிருந்த தரவு பாதியில் அறுந்து போகிறதா? புதிதாக வந்தவருக்குத் தெளிவான மறுமொழி போகிறதா? நெருக்கடி தீர்ந்ததும் யாரும் தொடாமல் நிரல் தானே பழைய நிலைக்குத் திரும்புகிறதா?

ஐந்தாவது கேள்வியில்தான் என் முதல் நிரல் முற்றிலும் தோற்றது. மறுக்கப்பட்டவுடன் ஓயாமல் மீண்டும் மீண்டும் கேட்கும்படி எழுதினாலும் தீங்கே. இடைவெளி விட்டுக் கேட்க வேண்டும். ஆளுக்கோர் இழை என்ற முறையையே கைவிட்டு, குறிப்பிட்ட எண்ணிக்கையில் இழைகளை முன்பே வைத்துக்கொண்டு, வரிசைக்கும் ஓர் அளவு வைப்பது இன்னும் நல்லது. அப்போதும் வரிசை நிறைந்தால் என்ன சொல்வது என்பதை எழுதியே ஆகவேண்டும்.

முடிவாக

எல்லை இருப்பது குற்றமன்று. எந்தக் கணிப்பொறிக்கும் எல்லை உண்டு. அதைத் தொடும்போது வாய் திறக்காமல் இருப்பதுதான் குற்றம். அந்த வட்டத்துக்கு மறுபக்கத்தில் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர் உட்கார்ந்திருக்கலாம். நாளை நம்மில் பலர் நிரல் எழுதும் வேலைக்குப் போவோம். எழுதியதை ஒப்படைக்கும் முன், எல்லையை ஐம்பதாக இறக்கி ஒருமுறை ஓட்டிப் பார்ப்போம். அதற்கு அரை மணி நேரம் போதும்.

இந்தச் சோதனையை அப்பாவிடம் சொன்னேன். இழை, எல்லை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ அந்தப் பொட்டிக்குச் சொல்லத் தெரியாம இல்ல, சொல்லிக் குடுக்கலை" என்றார். அன்று விடுத்த கேள்விக்கு அவரே விடையும் தந்துவிட்டார்.