ஆட்டின் தாடை வீக்கம்: கட்டி அல்ல, கசிந்த நீர்

தாமிரபரணியின் கடைமடையிலுள்ள ஆத்தூர் வட்டாரம் வெற்றிலைக்கும் வாழைக்கும் பெயர் பெற்றது. இத்தகைய நன்செய்ப் பகுதிகளில், வாய்க்கால் கரைகளிலும் அறுவடையான வயல்களிலும் மேயும் ஆடுகளுக்குத் தாடைக்கு அடியில் பை போன்ற வீக்கம் வருவதுண்டு. சிலர் இதைக் கட்டி என்று எண்ணிச் சூடு போடுவர், கீறியும் விடுவர். இரண்டும் தவறு. உள்ளே இருப்பது சீழ் அல்ல. ரத்தக் குழாயிலிருந்து கசிந்த நீர்.

கசிவு ஏன்?

மயிரிழையிலும் மெல்லிய தந்துகிக் குழாய்களின் சுவர் வழியே, ரத்த அழுத்தத்தால் நீர் ஓரளவு வெளியேறுவது இயல்பு. மக்கிய எரு இட்ட மண் ஈரத்தைப் பிடித்து வைப்பது போல, ரத்தத்திலுள்ள ஆல்புமின் என்ற புரதம் நீரைப் பிடித்து வைக்கிறது. மீறிக் கசிந்ததை நிணநீர்க் குழாய்கள் ரத்தத்தில் திரும்பச் சேர்க்கின்றன. இப்புரதத்தின் பங்கை 1896-இல் விளக்கியவர் ஸ்டார்லிங் என்ற ஆங்கிலேய அறிஞர். ஆல்புமின் குறைந்தால் கசிவு மிகுந்து நீர் தேங்கும்.

புழுக்களே காரணம்

ஆல்புமினைக் கல்லீரல் உற்பத்தி செய்கிறது. தட்டைப்புழுக்கள் அந்தக் கல்லீரலையே கெடுக்கின்றன. இரைப்பையிலுள்ள உருளைப்புழு ஒன்று நாளுக்குச் சுமார் 0.05 மி.லி. ரத்தத்தை ஆட்டுக்கு இழப்பாக்கும். 5,000 புழுக்கள் இருந்தால் கால் லிட்டர் போய்விடும்.

தலை குனிந்து மேய்வதால் மாலையில் வீக்கம் பெருக்கும். இரவில் தலை நிமிர்ந்து அசைபோட்டபின் காலையில் வடிந்திருக்கும். நோய் தீர்ந்துவிட்டது என்று ஏமாறக் கூடாது. கீழ் இமையைத் திறந்து பார்த்தால் வெளிறியிருக்கும். காய்ச்சலும் மூச்சுத் திணறலும் சேர்ந்திருந்தால் அது வேறு நோயாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

செய்ய வேண்டியவை

* சாணத்தைக் கால்நடை மருந்தகத்தில் பரிசோதித்து, புழுவின் வகைக்கும் ஆட்டின் எடைக்கும் ஏற்ற மருந்து கொடுக்கவும். சினை ஆடாக இருந்தால் முன்கூட்டியே சொல்லவும்.
* தட்டைப்புழுவின் குஞ்சுகள் நத்தையில் வளர்ந்து, நீரோரப் புல்லில் ஒட்டியிருக்கும். எனவே நத்தையுள்ள வாய்க்கால் ஓரங்களில் மேய்க்க வேண்டாம். தண்ணீரைத் தொட்டியில் வைக்கவும்.
* இழந்த புரதத்தை ஈடுசெய்யக் கடலைப் பிண்ணாக்கும் அகத்தித் தழையும் கொடுக்கலாம். வெற்றிலைக் கொடிக்காலில் அகத்திக்குக் குறைவில்லை. ஆனால் பூச்சிமருந்து தெளித்த தழையைத் தவிர்க்கவும்.
* மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் மந்தையைப் பரிசோதித்துக் குடற்புழு நீக்கம் செய்வது நல்லது.

வீக்கம் தெரியும்போது ஆடு ஏற்கெனவே நிறைய ரத்தத்தையும் புரதத்தையும் இழந்திருக்கும். ஆகவே சூட்டுக்கோலைத் தேடாமல், அன்றே மருந்தகத்துக்கு ஓட்டிச் செல்வதே ஆட்டைக் காக்கும்.